உலைக்குக் கிடைத்த நிரந்தர வேலை

எனக்கு ஓய்வு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இதை இப்போது எழுதினால் பென்ஷனுக்கு ஆபத்து. பிறகு எழுதலாம் என்றால் அதற்குள் கோபம் ஆறிவிடும். கோபம் ஆறிவிட்டால் இந்தக் கதையை யாரும் ஒழுங்காகச் சொல்லப்போவதில்லை. ஆகவே இப்போதே எழுதிவிடுகிறேன், வருவது வரட்டும்.

என் பெயர் முருகையா. வடமண்டலத் தூய எரிசக்தி உயர் ஆய்வு மையத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது குமாஸ்தா. சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் வழியில், ரப்பர்ப் பால்மரத் தோட்டத்தை அழித்த நிலத்தில் மையத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஓர் அறக்கட்டளை நடத்துகிறது. பெயர்ப்பலகை ஒரு லோரியில் அடங்காமல் இரண்டு லோரியில் வந்தது. என்னைச் சேர்க்காமல் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். அதில் முப்பத்தொரு பேர் ஆய்வைப் பற்றி அறிக்கை எழுதுவார்கள். எட்டுப் பேர் அந்த அறிக்கைகள் ஒழுங்காக எழுதப்படுகின்றனவா என்று பார்ப்பார்கள். மிச்சம் இருக்கும் ஒருத்தி ஆய்வைச் செய்வாள். அவள் பெயர் தேவகி.

தேவகி புக்கிட் செலம்பாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். வயது முப்பத்து நான்கு. ஏழு வருடமாக ஒப்பந்தத்தில் டெக்னீஷன். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளுடைய ஒப்பந்தம் முடியும். புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பது கடைசி நாள் மாலை நாலரைக்குத்தான் தெரியும். மே மாதம் பிறந்தாலே அவள் முகம் சுண்டிப்போகும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, நிரந்தர வேலை என்று எழுதி முத்திரை குத்திய ஒரு தாள்.

அவள் செய்வது என்ன என்று சொல்லிவிடுகிறேன். எரிபொருள் மின்கலம் என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் ஐம்பது காசு அளவில் ஒரு பீங்கான் வில்லை. நல்ல சூட்டில் ஆக்சிஜன் அயனி மட்டும் அந்த வில்லைக்குள் புகுந்து அந்தப் பக்கம் போகும். வாயு போகக்கூடாது. அதில்தான் மின்சாரம் பிறக்கிறது. வில்லையில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசிந்துவிடும், கதை கந்தல். இதைத் தேவகி எனக்கு ஒரு டம்ளர் தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் சொல்லித் தந்தாள். எங்கள் இயக்குநர் இதையே ஐந்து வருடமாக நூற்றுப் பத்து ஸ்லைடு போட்டுச் சொல்லி வருகிறார், ஒருவருக்கும் விளங்கவில்லை.

அந்த வில்லையைச் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. சீரியம் உப்பையும் கடோலினியம் உப்பையும் மருந்துக்கடைத் தராசில் நிறுப்பதுபோல நிறுத்து, தண்ணீரில் கரைத்து, கிளைசின் போட்டுச் சூடுபடுத்த வேண்டும். அது சுண்டிப் பாகாகி, ஒரு கணத்தில் குப்பென்று தீப்பிடித்து, இளமஞ்சள் தூளாகப் பொங்கி நிற்கும். அந்தத் தூளை ஒரு முழு நாள் உருளும் ஜாடியில் அரைத்து, சலித்து, அச்சில் போட்டு அழுத்த வேண்டும். அழுத்தத்தைப் படக்கென்று விட்டால் வில்லை ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். தேவகி இரண்டு நிமிடம் அப்படியே பிடித்து நின்று, பிறகு மெதுவாக விடுவாள். கடைசியில் உலை. நிமிடத்துக்கு ஒரு டிகிரியாக அறுநூறு வரை, பிறகு நிமிடத்துக்கு மூன்றாக ஆயிரத்து நானூற்றைம்பது வரை. அங்கே ஆறு மணி நேரம் இருந்துவிட்டு, மறுபடி நிமிடத்துக்கு மூன்றாகக் கீழே இறங்க வேண்டும். மொத்தம் இருபத்தொன்பது மணி நேரம். அதற்குள் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு அத்தனையும் வெடித்துவிடும்.

இந்த இருபத்தொன்பது மணி நேரத்தில்தான் வம்பு ஆரம்பித்தது.

தூய எரிசக்தி மையம் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மாலை ஐந்தரைக்கு மேல் எந்த அறையில் ஓவர்டைம் செய்கிற ஊழியரின் எண் பதிவாகவில்லையோ, அந்த அறைக்கு மின்சாரம் தானாக நின்றுவிடும். தேவகி தன் எண்ணைப் பதிந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினாள். மூன்றாவது வாரம் மனிதவளப் பிரிவுத் தலைவி பிரேமினி அவளைக் கூப்பிட்டார். ஒரு பெட்டி கோப்பு கொடுக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"தேவகி, உங்க ஓவர்டைம் மாசத்துக்கு நூத்து நாலு மணி நேரத்தத் தாண்டிருச்சு. சட்டப்படி முடியாது லா."

"நான் வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தேன் மேடம். ஃபர்னஸ்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"அப்ப ஓவர்டைம் பண்ணது ஃபர்னஸ்."

"ஆமா மேடம்."

"அப்ப அதோட நம்பரத்தானே போடணும்? ஏன் உங்க நம்பரப் போட்டீங்க? இது பொய்ப் பதிவு தெரியுமா?"

தேவகி என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன்.

பிரேமினி நல்ல மனுஷிதான். ஆனால் கணினியில் ஒரு பெட்டி காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. உலையை ஊழியராகப் பதிவு செய்வது என்று முடிவானது. அதிலும் ஒரு சிக்கல். டெக்னீஷன் தரம் என்றால் அதே நூற்று நான்கு மணி நேர வரம்பு வந்து நிற்கும். அதிகாரி தரத்துக்கு வரம்பு கிடையாது. எனவே உலை அதிகாரியாகப் பதிவானது. தேவகியைவிட இரண்டு தரம் மேலே.

படிவத்தை, எங்கள் பேச்சில் போராங்கை, நிரப்பும்போது நானும் இருந்தேன். பெயர்: உலை எண் இரண்டு. தகப்பன் பெயர் என்ற இடத்தில் செய்த கம்பெனியின் பெயரை எழுதினார்கள். இனம் என்ற இடத்தில் மலாய், சீனர், இந்தியர் மூன்றும் பொருந்தாததால் 'லாயின்-லாயின்', அதாவது மற்றவர், என்ற கட்டத்தில் கோடு போட்டார்கள். பாலினத்தில் கொஞ்சம் தயங்கினார்கள். பெண் என்று போட்டால் இரவு வேலைக்குத் தனிப் போராங் நிரப்ப வேண்டும் என்பதால் ஆண் என்று போட்டார்கள்.

"மதம்?" என்றார் பிரேமினி.

"சரஸ்வதி பூஜைக்கு விபூதி பூசிப் பொட்டு வைப்பேன் மேடம்."

பிரேமினி 'இந்து' என்று தட்டினார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய நபர், தேவகி. கையெழுத்திட இயலாத அதிகாரிக்குப் பதிலாகக் கையெழுத்திடுபவர், அதுவும் தேவகி. எப்போதோ ஓர் அதிகாரிக்குக் கை முறிந்தபோது உண்டாக்கிய கட்டம் அது. மூன்று பிரதியிலும் இயக்குநர் டாக்டர் துரைசிங்கம் கையெழுத்துப் போட்டார். அவர் எதையாவது வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததே இல்லை. தலைமையகமும் முத்திரை குத்தி அனுப்பியது. ஊழியர் எண் 0417.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். ஆண் அதிகாரிகள் டை கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. உலையின் கதவில் காந்தம் வைத்து ஒரு நீல டையை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அந்த டையை ஸ்டோரிலிருந்து கொடுத்தவன் நான்தான், அந்தப் பாவத்தை எங்கே போய்க் கழுவுவேன்! தினமும் காலையில் தேவகி முதலில் உலையின் அட்டையைத் தட்டிவிட்டுத்தான் தன் அட்டையைத் தட்டுவாள். மேலதிகாரிக்கு முன்னால் கீழே உள்ளவர்கள் பதிவு செய்வது மரியாதை இல்லை என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது.

அந்த வருடத்தின் சிறந்த சேவை விருது 0417-க்குக் கிடைத்தது. நானூறு கிலோ எடையுள்ள அதிகாரியை மேடைக்குக் கொண்டுவர முடியாததால் தேவகி போய் வாங்கிக்கொண்டாள். கூட்டங்களெல்லாம் மலாயில்தான் நடக்கும். இயக்குநர் அன்று உணர்ச்சிவசப்பட்டு, நடுவில் தன் வீட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். அவர் யாழ்ப்பாணத்து வழிக் குடும்பம், அப்பாவும் தாத்தாவும் ரயில்வேயில் பெரிய உத்தியோகம்.

"இந்த அதிகாரியைப் பாருங்கோ. ஒரு நாள் லீவு எடுத்தவரில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினவரில்லை. உள்ளுக்கு எவ்வளவு வெந்தாலும் வெளியிலே காட்டிக்கொள்ளமாட்டார். இப்பிடி நாற்பது பேர் எனக்குக் கிடைச்சால், இந்த மையத்தை நான் எங்கேயோ கொண்டுபோய் விட்டிடுவன்."

விட்டிருப்பார், அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். தேவகி கண்ணாடிக் கேடயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அப்போதுகூட அவளுக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் அந்தச் செய்தி வந்தது. தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைமையகம் ஒரே ஒரு நிரந்தர வேலை ஒதுக்கியிருந்தது. அது யாருக்கு என்று கேட்கவே தேவை இல்லை என்று நாங்கள் நினைத்தோம். கேன்டீனில் ரொட்டி சானாய் போடுகிறவர்கூடத் தேவகிக்கு வாழ்த்துச் சொல்லி, ஒரு முட்டை அதிகமாகப் போட்டார்.

ஆட்களை மனிதர்கள் தேர்ந்தெடுத்தால் பாரபட்சம் வரும் என்பதால் கணினியே தேர்ந்தெடுக்கும். தேவகி டெங்கியில் கிடந்த மூன்று நாளைக் கணினி கணக்கில் எடுத்தது. பாலத்தில் வெள்ளம் ஏறி அவள் தாமதமாக வந்த பதினொரு நாளையும் எடுத்தது. 0417-க்கு லீவு பூஜ்யம், தாமதம் பூஜ்யம், புகார் பூஜ்யம், விருது ஒன்று. நிரந்தர வேலை உலைக்குக் கிடைத்தது.

இயக்குநர் தேவகியைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார். கடிதங்களை எடுத்துக்கொண்டு நானும் உள்ளே நின்றேன்.

"மனம் தளரக்கூடாது பிள்ளை. உம்முடைய கையிலே வளர்ந்த ஒருத்தர் முன்னுக்கு வந்திருக்கிறார். தாய் மாதிரி நீர் சந்தோஷப்பட வேணும்."

"சார், அது ஃபர்னஸ் சார்."

"அப்பிடிச் சொல்லாதேயும். இப்ப அவர் உமக்கு மேலதிகாரி. விளங்கிச்சுதோ?"

பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு பெரிய புள்ளி மையத்தைப் பார்க்க வருகிறார், அவருக்குக் காட்ட விரிசல் இல்லாத வில்லை நாற்பது வேண்டும், அதைச் செய்து கொடுத்தால் உமக்கென்று தனியாக ஒரு வேலை கேட்டு எழுதுகிறேன் என்றார். இல்லாவிட்டால் ஜூன் முப்பதோடு ஒப்பந்தம் முடிகிறது என்பதையும் சொன்னார், அதை மட்டும் தெளிவான மலாயில் சொன்னார்.

தேவகி நேரே ஸ்டோருக்கு வந்து ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்துத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணே, ஒரு பொட்டிக்கு வேல கெடச்சிருச்சு. நான் அந்தப் பொட்டியத் தொடைக்கிறவ. ஏழு வருஷம்ணே! எங்கம்மா மழையில பால் வெட்டி, என்னய டிப்ளோமா படிக்க வெச்சது இதுக்கா?"

"விடு தங்கச்சி. நாப்பத செஞ்சு குடுத்துரு, எழுதுறேன்னுதானே சொல்றாரு."

"செய்வேன். நாப்பதும் செய்வேன். அப்புறமும் ஏதாச்சும் கோளாறு பண்ணுனாருன்னு வைங்க, சும்மா விட மாட்டேண்ணே. எங்க ஆத்தா சத்தியமா விட மாட்டேன்."

 நான் எழுந்து போய் இயக்குநரிடம் பேசியிருக்கலாம், ஸ்டோர் கணக்கை எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

மூன்று வாரம் அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு வில்லைக்கும் அச்சுக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் நின்றாள். தரக்கட்டுப்பாட்டுக்காரர் ஒருவர் கடிகாரத்தோடு வந்து பார்த்துவிட்டு, 'ஊழியர் இயந்திரத்தின் அருகே சும்மா நின்றார், நாற்பது முறை' என்று எழுதிக்கொண்டு போனார். அவள் சட்டை செய்யவில்லை. நாற்பது வில்லைகளையும் உலைக்குள் அடுக்கி, கணக்குப் போட்டு, பெரிய புள்ளி வருவதற்கு முதல் நாளே வெளியே எடுக்கும்படி ஓட்டினாள்.

பெரிய புள்ளி இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டார். அவருக்கு யான் என்ற ஊரில் ஒரு திருமண விருந்து, போகிற வழியில் எங்களையும் முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அவர் வந்து நின்றபோது உலை குளிர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது, ஆயிரத்து நூற்று இருபது டிகிரி. பிரேமினி மண்டபத்தில் பழக்கூடை அடுக்கிக்கொண்டிருந்தார். உலை அறையில் இயக்குநர், விருந்தாளி, படம் எடுப்பவர், ஒப்பந்த ஊழியர்கள் இருபது பேர், பின்னால் கையுறையும் முகக்கவசமும் தூக்கிக்கொண்டு நான்.

"உள்ளே செக்கச் செவேலென்று இருக்கும், பார்க்கிறீர்களா?" என்று இயக்குநர் விருந்தாளியிடம் மலாயில் கேட்டார்.

தேவகி குறுக்கே வந்து நின்றாள். "சார், வேணாம் சார். கூலிங்ல இருக்கு. தொறந்தா நாப்பதும் போயிரும். நாளைக்கு வரச் சொல்லுங்க சார், நான் கையில எடுத்துக் காட்டுறேன்."

"தள்ளும் பிள்ளை. இது என்ர ஃபர்னஸ்."

சூடாக இருக்கும்போது பூட்டு திறக்காது. மேலதிகாரியின் ரகசிய எண்ணை அழுத்தினால்தான் திறக்கும். இயக்குநர் தன் எண்ணை அழுத்தினார். கதவு திறந்தது, அறையே சிவந்தது, எல்லோரும் 'ஆ' என்றார்கள். "இதில் ரொட்டி சுடலாமா?" என்று விருந்தாளி கேட்டார். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார். கதவில் ஒட்டிய டை படத்தில் விழவில்லை என்று இன்னொரு தடவை எடுத்தார்கள். நான்கு நிமிடம். உள்ளே இருந்து கடுகு வெடிப்பதுபோலச் சத்தம் வந்தது. தேவகி காதைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடியில் தட்டினாள். நல்ல வில்லை 'டிங்' என்று பேசும். நாற்பதும் 'டொக்' என்றன. சிவப்பு மையைத் தடவித் துடைத்தாள், நாற்பதிலும் கோடு. அவள் அவற்றை ஒரு தட்டில் அடுக்கி இயக்குநர் மேசையில் வைத்தாள்.

"கதவு திறந்ததோ? எப்ப? ஆர் திறந்தது?" என்றார் இயக்குநர்.

அடடா, என்ன முகம்! அந்த முகத்தில் கள்ளமே இல்லை. தான் சொல்வதை முதலில் தானே நம்பிவிடுகிற முகம் அது.

இரண்டு நாளில் தேவகிக்குக் காரணம் கேட்கும் கடிதம் வந்தது. அழுத்தும்போது கவனக்குறைவு, இயந்திரத்தின் அருகே சும்மா நின்றது, அதனால் நாற்பது வில்லைகளும் நாசம். குற்றம் உறுதியானால் அறக்கட்டளையின் எந்த மையத்திலும், எந்தத் தொழிற்சாலையிலும் இனி அவளுக்கு வேலை கிடையாது என்று கடைசி வரி சொன்னது. சுங்கை பட்டாணியைச் சுற்றி அறக்கட்டளைக்குப் பன்னிரண்டு தொழிற்சாலை இருக்கிறது. நிரந்தர வேலை போனது மட்டுமில்லை, இப்போது பிழைப்புக்கே உலை வைத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு ஒரு விதி உண்டு. ஒப்பந்த ஊழியர் சொல்வது 'கருத்து'. நிரந்தர அதிகாரி சொல்வதே 'சாட்சியம்'. கதவு திறந்ததைப் பார்த்த இருபது பேரும் ஒப்பந்தம். பார்த்த நிரந்தர ஆள் இயக்குநரை விட்டால் நான் ஒருவன்தான்.

தேவகி ஸ்டோருக்கு வந்தாள். ஓய்வுக்கு அப்போது அரை வருடம் இருந்தது. அவள் கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாளாகச் சாக்குகளைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"அண்ணே, சாட்சியக் கூப்புடுற போராங் ஒண்ணு குடுங்க."

கொடுத்தேன். "தங்கச்சி, நானும் அன்னிக்கு…" என்று இழுத்தேன்.

"நீங்களும்தான் பாத்தீங்க. உங்களக் கேக்க மாட்டேண்ணே. உங்க வாய் எப்பவோ பென்ஷன் வாங்கிருச்சு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவள் என் மேசையிலேயே வைத்துப் போராங்கை நிரப்பினாள். சாட்சியின் பெயர்: உலை எண் இரண்டு. ஊழியர் எண் 0417. பதவி: நிரந்தர அதிகாரி. பிரேமினி அதை மூன்று முறை வாசித்தார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. அவருக்கு மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

விசாரணைக்குத் தலைமையகத்திலிருந்து கிருஷ்ணகுமார் என்பவர் வந்தார், கூடவே தலையாட்ட இரண்டு பேர். கிருஷ்ணகுமார் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் தண்ணீரே குடித்தார். சாட்சி நானூறு கிலோ என்பதால் விசாரணையை உலை அறைக்கு மாற்றினார்கள். மினிட்ஸ் எழுதுவது என் வேலை.

சாட்சி தன் மதப்படி சத்தியம் செய்ய வேண்டும் என்றார் கிருஷ்ணகுமார். இந்து என்பதால் தேவகி கற்பூரம் ஏற்றப் போனாள். ஆயிரத்து நானூற்றைம்பது டிகிரி எரியும் அறையில் நெருப்பு வைத்துக்கொள்ளக்கூடாது என்று பாதுகாப்பு அலுவலர் தடுத்துவிட்டார். விபூதி போதும் என்று பேசி முடித்தார்கள். உலைக்குப் பட்டை போட்டாள்.

"சம்பவத்தன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சாட்சி சொல்லட்டும்," என்றார் கிருஷ்ணகுமார்.

தேவகி உலையின் பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்தினாள். டிக் டிக்கென்று காகித நாடா வெளியே வந்தது. கிருஷ்ணகுமார் அதைக் கையில் எடுத்து வாசித்தார். "காலை பத்து பதினாலு, ஆயிரத்து நூத்து இருவது டிகிரி, கதவு திறப்பு, மேலதிகாரி எண் 0001. பத்து பதினெட்டு, எழுநூத்துத் தொண்ணூறு டிகிரி, கதவு மூடல்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், 0001 யாரு?"

இயக்குநர் எழுந்துவிட்டார். "இதென்ன விசர்க் கூத்து! இது சாட்சியே? இது வெறும் இரும்புப் பெட்டி!"

கிருஷ்ணகுமார் நிதானமாகப் புத்தகத்தைப் புரட்டினார்.

"இவரோட நிரந்தர வேலைக் கடிதத்துல இருக்கிறது உங்க கையெழுத்துதானே?"

"என்னுடையதுதான்."

"அப்ப ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. இரும்புப் பெட்டிக்கு நிரந்தர வேல குடுத்தீங்களா? இல்ல, ஒரு நிரந்தர அதிகாரிய இரும்புப் பெட்டின்னு திட்டுறீங்களா? ரெண்டுக்கும் தனித்தனி செக்‌ஷன் இருக்கு. எதுல எழுதறதுன்னு எனக்குத் தெரியணும்."

இயக்குநர் தேவகியைப் பார்த்தார். அவள் கைகட்டி நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அவர்… அதிகாரிதான்," என்றார் இயக்குநர்.

"அப்ப அவர் சொன்னது சாட்சியம். நீங்க சொல்றது?"

"நான்… எனக்கு ஞாபகம் இல்லை. விருந்தாளிக்குக் காட்டத்தானே திறந்தது. அதுவும் மையத்தின்ர நன்மைக்காகத்தானே! நாலு நிமிஷம்! நாற்பது வில்லை என்ன பெரிய விஷயம், அதைத்தான் இந்தப் பிள்ளை இன்னொருக்காச் செய்யுமே!"

வழக்கமாக மினிட்ஸில் நான் மெருகு போடுவேன். இயக்குநர் கத்தினால் 'இயக்குநர் தெளிவுபடுத்தினார்' என்று எழுதுவேன். உளறினால் 'விரிவாக எடுத்துரைத்தார்' என்று எழுதுவேன். பத்தொன்பது வருடம் அப்படித்தான் எழுதினேன். அன்று ஒரு சொல் மாற்றவில்லை. கத்தியதைக் கத்தினார் என்றும், விழித்ததை விழித்தார் என்றும் எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துக்கு நீட்டினேன். இயக்குநர் வழக்கம்போல வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அது போதாது என்பது எனக்கும் தெரியும்.

தேவகி குற்றமற்றவள் என்றும் இயக்குநர் ஆறு மாதம் பணி இடைநீக்கம் என்றும் தீர்ப்பு வந்தது. உலையின் வேலையில் யாரும் கை வைக்கவில்லை. கை வைத்தால் முத்திரை குத்திய தலைமையகமும் மாட்டும், விருது கொடுத்த படம் ஆண்டறிக்கையின் அட்டையில் வேறு வந்திருந்தது. அத்தோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பார்கள். ஆனால் இயக்குநர் இல்லாதபோது பொறுப்பு யாருக்கு என்று பார்க்க வேண்டுமே! தொழில்நுட்பப் பிரிவில் மிச்சமிருக்கும் மூத்த நிரந்தர அதிகாரிக்கு என்று விதி சொன்னது. அந்தப் பிரிவில் ஒரே ஒரு நிரந்தர அதிகாரிதான் இருந்தார்.

தற்காலிக இயக்குநராக 0417 பொறுப்பேற்றார். கையெழுத்திட இயலாதவர் என்பதால் அவருக்குப் பதிலாகத் தேவகி கையெழுத்திட்டாள். முதல் கடிதம், ஏழு வருடம் உழைத்த டெக்னீஷன் ஒருவருக்குத் தனி நிரந்தர வேலை வேண்டும் என்ற பரிந்துரை. தலைமையகத்திலும் யாரும் எதையும் வாசிப்பதில்லை என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. எட்டே நாளில் முத்திரை குத்திய தாள் வந்தது. தேவகி அதை என்னிடம் காட்டவில்லை. பிரேமினிதான் காட்டினார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

போன வாரம் துரைசிங்கம் வந்தார். இடைநீக்கத்தை எதிர்த்து அவர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மனுவைப் பொறுப்பில் இருக்கும் இயக்குநரிடம் நேரில் காட்டி, அவருடைய பக்கத்தில் வைத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த விதியை எழுதியவர் அவரே. கடைசி நாள் அன்றுதான், கடைசி நேரம் மாலை ஐந்தரை. வந்தபோது மணி இரண்டு. உலை அறைக் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இயக்குநரப் பாக்கணுமா சார்?" என்றாள் தேவகி. "உள்ள இருக்காரு. கூலிங். புதுசா நாப்பது வில்ல வெச்சிருக்கோம்."

"எவ்வளவு நேரம் செல்லும் பிள்ளை?"

"ஆயிரத்து எழுவதுல இருக்காரு. நிமிஷத்துக்கு மூணு டிகிரி. ஆறு மணி நேரம் வைங்களேன்."

"ஐந்தரைக்கு மனு முடிஞ்சுபோகும் பிள்ளை. நான் கொஞ்சம் அறைக்குள்ளே போய், அவருக்குப் பக்கத்திலே வைச்சு…"

"அந்த விசாரணைக்கு அப்புறம் புது ரூல் சார், கூலிங் முடியற வரைக்கும் உள்ள யாரையும் விடக்கூடாது. கெஞ்சுனாலும் விடக்கூடாது. நான் அன்னிக்குக் கெஞ்சுனேன்ல, ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மனுவைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி நடைவழியில் நின்றார். அரை மணி நேரம் நின்றதும் கால் வலித்திருக்க வேண்டும், மெதுவாக ஸ்டோர் பக்கம் வந்தார்.

"முருகையா, உட்கார ஒரு கதிரை இருக்குதோ?"

ஸ்டோரில் அறுபது நாற்காலி இருந்தது. நான் எழுந்து ஒரு போராங்கை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"இருக்கு சார். இயக்குநரோட கையெழுத்து வாங்கிட்டு வாங்க."